நாய்க்கும் உண்டு துப்புக்கூலி

ராஜா வீட்டு நாயைக் காணோம்.

1660, ஜூன் மாதம். இங்கிலாந்தில் மன்னர் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி, லண்டன் மாநகருக்குள் ஊர்வலமாக வந்து சரியாக ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பல வருஷ வனவாசம். அப்பாவின் தலையை வெட்டியிருந்தார்கள். நாட்டையும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து ஒருவழியாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தால், எவனோ நாயைத் திருடிக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் காலத்து லண்டன் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. கறுப்பு நாய். கிரேஹவுண்டுக்கும் ஸ்பேனியலுக்கும் இடைப்பட்ட ஜாதி. மார்பில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. வால் கொஞ்சம் நறுக்கப்பட்டிருக்கும். இது மன்னரின் சொந்த நாய், தொலைந்துபோகவில்லை, திருடுதான் போயிருக்கிறது என்று அடித்துச் சொன்னது விளம்பரம். கூடவே ஒரு புலம்பல். மன்னரிடமிருந்து திருடுவதை இவர்கள் நிறுத்தவே மாட்டார்களா, ஒரு நாய் வைத்துக்கொள்ளக்கூட அவருக்குக் கொடுப்பினை இல்லையா என்கிற தொனியில்.

இன்றைக்கு நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில் ஒட்டியிருக்கும் 'காணவில்லை' நோட்டீஸைப் பாருங்கள். போட்டோவும் செல்போன் நம்பரும் 'தக்க சன்மானமும்' சேர்ந்திருக்கின்றன. மற்றபடி நிறம், அடையாளம், வால் என்று 1660-ல் போட்ட அதே ஃபார்முலாதான். ஆனால் அந்த 'தக்க சன்மானம்' என்கிற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒரு பெரிய வியாபாரமே நடந்திருக்கிறது. அதுதான் இங்கே கதை.

நாய்த் திருட்டு ஒரு முழுநேரத் தொழிலாக லண்டனில் கொடிகட்டிப் பறந்தது 1830, 40-களில். ஆளைக் கடத்திப் பணம் கேட்பார்கள் அல்லவா, அதே சமாசாரம். பணக்காரத் தெருக்களில் உலாவும் குட்டி ஜாதி நாய்கள்தான் இலக்கு. இரண்டு பேர் சேர்ந்து வருவார்கள். பையில் வறுத்த ஈரல் துண்டு இருக்கும். அல்லது கையில் ஒரு பெட்டை நாய் இருக்கும். எஜமானியம்மா கடைக்குள் ரிப்பன் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு நிமிஷம் போதும். நாய் ஒருவனுடைய தோல் ஏப்ரனுக்குள் போய்விடும்.

பிறகு அவசரமே கிடையாது. வீட்டுக்காரர்களே விளம்பரம் போடுவார்கள். அதைப் பார்த்து, ஒரு 'இடைத்தரகர்' வந்து நிற்பார். ரொம்ப மரியாதையான ஆள். 'நான் எடுக்கலீங்க, எடுத்தவங்களைத் தெரியும், பேசிப் பார்க்கிறேன்' என்பார். தொகை பேசப்படும். பணம் போனால் நாய் வரும். போகாவிட்டால்? நாயின் தலை மட்டும் பார்சலில் வந்த கதைகள் அன்றைய லண்டன் பெண்மணிகளிடையே உலவிக்கொண்டிருந்தன.

மதுரைச் சீமைப் பெரியவர்களுக்கு இது புதுசாக இருக்காது. துப்புக்கூலி! அந்தக் காலத்தில் மாட்டைக் காணோம் என்றால் போலீசுக்குப் போகமாட்டார்கள். விவரம் தெரிந்த ஆளைப் பிடித்து, கூலி பேசிக் கொடுத்தால், மறுநாள் ஏதாவது ஒரு காட்டோரம் மாடு கட்டிக் கிடக்கும். யார் எடுத்தது, யார் கட்டியது என்றெல்லாம் கேட்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் இந்த வழக்கத்தை ஏதோ காணாததைக் கண்ட மாதிரி எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய சொந்தத் தலைநகரில், நாடாளுமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்ததும் அதேதான்.

எவ்வளவு புரண்டது? 1844-ல் நாடாளுமன்றமே நாய்த் திருட்டுக்கென்று ஒரு விசாரணைக் கமிட்டி போட்டது. பாண்ட் தெருவில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த பிஷப் என்பவர், பறிகொடுத்தவர்களின் பட்டியலை விடாப்பிடியாகச் சேர்த்து வைத்திருந்தார். 151 பேர். அவர்கள் கப்பம் கட்டிய மொத்தத் தொகை 977 பவுண்டு, 4 ஷில்லிங், 6 பென்ஸ். தலைக்குச் சராசரியாக ஆறரை பவுண்டு வருகிறது. வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு வருஷச் சம்பளமே பத்து, பதினைந்து பவுண்டுதான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரச குடும்பத்தைச் சேர்ந்த கேம்பிரிட்ஜ் கோமகனும் அந்தப் பட்டியலில் உண்டு. இது ஒரு தனி மனிதர் கையால் சேர்த்த கணக்கு. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள் இதில் வரமாட்டார்கள்.

முதலீடு ஒரு துண்டு ஈரல். கிட்டங்கி வாடகை கிடையாது. சரக்கு விற்காவிட்டால் தோலை உரித்து விற்றுவிடலாம். பி.காம். பாடப் புத்தகத்தில்கூட இப்படி ஒரு வியாபாரத்தை நான் பார்த்ததில்லை.

போலீஸ் என்ன செய்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கேதான் வேடிக்கை. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டப்படி நாய் என்பது 'களவு' என்ற குற்றத்துக்கு உரிய சொத்தே இல்லை. ஆடு, மாடு சொத்து. கோழி சொத்து. ஆட்டைத் திருடினால் 1832 வரைக்கும் தூக்கே உண்டு. ஆனால் நாய்? சும்மா ஆசைக்கு வளர்ப்பது, தின்ன முடியாது, ஆகவே மதிப்பு இல்லை என்றார்கள் சட்ட மேதைகள். நாயைக் கழுத்துப்பட்டையோடு ஒருவன் தூக்கிக்கொண்டு போனால், பட்டையைத் திருடியதற்குத்தான் களவு வழக்குப் போடலாம்! 1770-ல் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்து அபராதம் விதித்தார்கள். பெரிதாகப் பலன் இல்லை. இதில் இன்னொரு கூத்து, 1796-ல் நாய்க்கு வரி போட்டார்கள். வரி வாங்கும்போது மட்டும் நாய் சொத்து. திருடு போனால் சொத்து இல்லை.

கமிட்டியின் விசாரணைக்குப் பிறகு 1845-ல் புதுச் சட்டம் வந்தது. நாயைத் திருடினால் சிறை. திரும்பக் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று காசு வாங்கினாலும் 18 மாதம் வரை உள்ளே போகலாம். அதாவது இடைத்தரகருக்கும் ஆப்பு. காகிதத்தில் பிரமாதமான சட்டம். அடுத்த வருஷமே அது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

1846, செப்டம்பர் 1. விம்போல் தெருவில் 50-ம் நம்பர் வீடு. எலிசபெத் பாரெட். வயது நாற்பது. அன்றைய இங்கிலாந்தின் புகழ்பெற்ற கவிஞர். வருஷக்கணக்கில் நோயாளி, பெரும்பாலும் சோபாதான் உலகம். ஜமைக்காவில் கரும்புத் தோட்டமும் அடிமைகளும் வைத்துச் சம்பாதித்த குடும்பம். அப்பா மகா கண்டிப்பு. பெற்ற பிள்ளைகள் யாரும் கல்யாணமே பண்ணிக்கொள்ளக் கூடாது என்பது அவர் போட்ட விதி. எலிசபெத்தோ ராபர்ட் பிரவுனிங் என்கிற இளம் கவிஞரோடு 570-க்கும் மேற்பட்ட கடிதங்களில் காதல் வளர்த்து, ரகசியக் கல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு நாய். பெயர் ஃப்ளஷ். பழுப்பு நிற காக்கர் ஸ்பேனியல். 1840-ல் எலிசபெத்தின் அன்புத் தம்பி கடலில் மூழ்கி இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் மூழ்கிக் கிடந்தவருக்கு மேரி ரஸல் மிட்ஃபர்ட் என்கிற எழுத்தாளத் தோழி 1841-ல் கொடுத்த பரிசு அது. அதிலிருந்து ஐந்தரை வருஷமாக அந்த அறையை விட்டு நகராமல் கூடவே கிடந்த உயிர்.

அன்றைக்குத் தங்கையோடு வண்டியில் கடைத்தெருவுக்குப் போயிருந்தார் எலிசபெத். ஃப்ளஷ் காலடியிலேயே கடைக்குள் வந்தது, காலடியிலேயே வெளியே வந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறார். நாய் இல்லை. வண்டிச் சக்கரத்தடியிலிருந்தே அமுக்கிவிட்டார்கள்.

அவருக்கு இது முதல் தடவை இல்லை. 1843-ல் ஒருமுறை, 1844-ல் ஒருமுறை, ஆக இது மூன்றாவது கடத்தல். நல்ல பார்ட்டி என்று திருடர்களின் பேரேட்டில் ஏறிவிட்ட பெயர். ஒழுங்காகப் பணம் கட்டுகிற வாடிக்கையாளரை எந்த வியாபாரி விடுவான்?

கும்பலின் தலைவன் பெயர் டெய்லர். இருப்பு ஷோர்டிச் பகுதியில். எலிசபெத்தின் தம்பி ஹென்றி அவனைத் தேடிப் போனார். சுவரில் படமெல்லாம் மாட்டிய அறையில் ஹாயாக உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான் டெய்லர். சங்கத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றான். ஆமாம், சங்கம்! பிறகு ரேட் வந்தது. ஆறு கினி.

அப்பா ஒரு பைசா தரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதைக்கூடப் பரவாயில்லை எனலாம். காதலர் பிரவுனிங்கும் அதையேதான் சொன்னார். அயோக்கியனுக்குப் பணம் கொடுப்பது அவனை வளர்த்துவிடுகிற காரியம். இன்றைக்கு நீ கொடுத்தால் நாளைக்கு வசதியில்லாத யாரோ ஒருத்தர் வீட்டு நாயும் போகும். நீ தப்பித்துக்கொள்கிறாய், விலையை ஊர் கொடுக்கிறது. இதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

எலிசபெத் திருப்பிக் கேட்டார். சரி, இத்தாலியில் கொள்ளைக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வீர்கள்? கொள்கை பேசிக்கொண்டு, என் காது பார்சலில் வரும்வரை காத்திருப்பீர்களா?

பிரவுனிங் சொன்னது சரிதான். கணக்காகப் பார்த்தால் மறுக்கவே முடியாது. அந்த 151 பேரில் முதல் பத்துப் பேர் கை விரித்திருந்தால் தொழிலே படுத்திருக்கும். ஆனால் எல்லாரும் சேர்ந்து கை விரிக்க வேண்டும். யாருடைய நாய் அங்கே கட்டிக் கிடக்கிறதோ, அவரிடம் போய் 'நீங்கள் முதலில் ஆரம்பியுங்கள்' என்று சொல்வது சுலபமா? அவருடைய நாயாக இருந்தால் பிரவுனிங் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. மாடி இறங்கவே யோசிக்கும் எலிசபெத், வில்ஸன் என்கிற பணிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாடகை வண்டியில் ஏறி ஷோர்டிச்சுக்குப் போனார். சாராயக் கடையில் வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். பெரிய வீட்டு அம்மா என்று தெரிந்ததும் கூட்டம் கூடிவிட்டது. என்ன, நாய் விஷயமா என்கிற கணக்கில் ஆளாளுக்கு உதவி செய்ய முன்வந்தார்கள். பயந்து நடுங்கினார் வில்ஸன். டெய்லர் வீட்டில் இல்லை. ஆகிருதியான அவன் மனைவி வெளியே வந்து, தேன் ஒழுகப் பேசி அனுப்பிவைத்தாள்.

சாயந்திரம் டெய்லரே விம்போல் தெருவுக்கு வந்துவிட்டான். எலிசபெத் மாடியிலிருந்து ஆறு கினியைக் கொடுத்தனுப்பினார். எல்லாம் முடிகிற நேரம். அந்த வழியாக வந்தார் இன்னொரு தம்பி ஆல்ஃப்ரெட். கூடத்தில் நிற்கும் டெய்லரைப் பார்த்துத் திருடன், பொய்யன், ஏமாற்றுக்காரன் என்று திட்டித் தீர்த்தார். அத்தனையும் உண்மைதான். என்ன பிரயோஜனம்? இனி உங்கள் நாயைக் கண்ணால் பார்க்கமாட்டீர்கள் என்று சபதம் போட்டுவிட்டு வெளியேறினான் அவன்.

எலிசபெத் மறுபடியும் தானே கிளம்பப் பார்த்தார். வீடே சேர்ந்து, பைத்தியமா உனக்கு என்று தடுத்தது. கடைசியில் செப்டிமஸ் என்கிற தம்பி பணத்தோடு போய், பணிவாகப் பேசி, ராத்திரி எட்டு மணிக்கு ஃப்ளஷ்ஷோடு வந்து சேர்ந்தார். வந்ததும் அது செய்த முதல் காரியம் தண்ணீர் குடித்தது. கிண்ணத்தை மூன்று முறை நிரப்ப வேண்டியிருந்தது. ஐந்து நாளில் என்ன கொடுத்தார்களோ.

மூன்று தடவையும் சேர்த்து அவருக்கு ஏறக்குறைய இருபது பவுண்டு செலவு. காசு வாங்கினால் சிறை என்று சட்டம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டெய்லர் நடு வீட்டுக் கூடத்தில் வந்து நின்று பேரம் பேசினான். யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் நாய் செத்துப்போகும். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 12-ம் தேதி, ரகசியக் கல்யாணம். 19-ம் தேதி வீட்டை விட்டுக் கிளம்பி இத்தாலிக்குப் போனார்கள். மறக்காமல் ஃப்ளஷ்ஷும் கூடப் போனது. ஃப்ளாரன்ஸ் நகரத்துத் தெருக்களில் யார் பயமும் இல்லாமல் சுற்றித் திரிந்தது, தெள்ளுப்பூச்சி தொல்லையில் மயிரையெல்லாம் வெட்டிக்கொண்டது, 1854-ல் வயதாகிச் செத்தது. இந்த நாயின் வாழ்க்கை வரலாற்றைப் பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃப் ஒரு புத்தகமாகவே எழுதினார். 1933-ல் வந்தது. மூன்று கடத்தல்களையும் ஒன்றாக்கி எழுதியிருப்பார்.

இங்கே நம் ஊர்ச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெக்காலே எழுதி வைத்த வரைவிலிருந்து உருவாகி 1860-ல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தில், திருட்டு என்றால் என்ன என்று சொல்லும் 378-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். விளக்கத்துக்காகக் கொடுத்திருக்கும் உதாரணங்களில் இரண்டாவது உதாரணமே நாய்தான். ஒருவன் பையில் நாய்க்கு ஆசைகாட்டும் தீனியை வைத்துக்கொண்டு போகிறான், இன்னொருவருடைய நாய் பின்னாலேயே வருகிறது. எடுத்துக்கொள்ளும் எண்ணம் அவனுக்கு இருந்தால், நாய் அவன் பின்னால் நடக்க ஆரம்பித்த அந்தக் கணமே திருட்டு நடந்துவிட்டது! லண்டன் தெருவில் சட்டத்துக்குச் சிக்காமல் உலாவிய அந்த ஈரல் துண்டு ஆசாமி, சென்னைப் பட்டணத்தில் இருந்திருந்தால் மாட்டியிருப்பான். இங்கிலாந்தில் நாயும் மற்ற சொத்து மாதிரிதான் என்று தெளிவாகச் சட்டம் வந்தது 1968-ல். இந்தியாவில் நூறு வருஷம் முன்னாலேயே! 215-வது பிரிவில் துப்புக்கூலி வாங்குவதும் குற்றம். 2024, ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த நாய் உதாரணம் 303-வது பிரிவுக்கு இடம் மாறி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஆக, சட்டத்தால் அடக்க முடியாத டெய்லர் வகையறாவின் தொழிலில் உண்மையிலேயே ஓட்டை போட்டது எது? என்னைக் கேட்டால், ஒரு மாட்டுக்கொட்டகை மாதிரியான இடம்.

யோசித்துப் பாருங்கள். நாய் தொலைந்தால் அதுவரை எங்கே போய்த் தேடுவது? ஓர் இடமும் கிடையாது. நாய் எங்கே இருக்கிறது என்ற தகவல் திருடன் ஒருவனிடம்தான் இருந்தது. அவன் விற்றது நாயை அல்ல, அந்தத் தகவலை. 1860, அக்டோபரில் மேரி டீல்பி என்ற பெண்மணி, லண்டன் ஹாலோவே பகுதியில் லாயம் மாதிரி ஓர் இடத்தைப் பிடித்து, 'தொலைந்த, பசித்த நாய்களுக்கான தாற்காலிக இல்லம்' என்று ஆரம்பித்தார். தோழி ஒருவர் வீட்டில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த ஒரு தெரு நாயைக் கண்டதுதான் தூண்டுதல். டைம்ஸ் பத்திரிகை கேலி செய்தது. மனுஷனுக்கே வீடில்லை, நாய்க்கு இல்லமா என்று. இரண்டு வருஷம் கழித்து சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில் இல்லத்தைப் பாராட்டிக் கட்டுரை வந்த பிறகு காற்று திசை மாறியது. டீல்பி 1865-ல் இறந்துபோனார். இல்லம் 1871-ல் பேட்டர்ஸீ பகுதிக்கு இடம் மாறியது. இன்றைக்கும் இருக்கிறது.

1867-ல் தெருவில் அலையும் நாய்களைப் பிடிக்கப் போலீசுக்கு அதிகாரம் வந்தது. பிடித்ததெல்லாம் இங்கே வந்து குவிந்தன. நாயைக் காணோமா, விளம்பரம் போடும் முன் பேட்டர்ஸீக்குப் போய்ப் பார் என்பது லண்டன்காரர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இனிமேல் டெய்லர் மட்டுமே கதி என்று கிடையாது.

பால் வார்த்த மாதிரி இருக்கிறதா? முழுசாகச் சொல்லிவிடுகிறேன். யாரும் தேடி வராத நாய்களை, வாங்கவும் ஆள் இல்லாவிட்டால், சில நாள் கெடுவுக்குப் பிறகு கொன்றுவிடுவார்கள். 1884-ல் அதற்கென்றே ஒரு வாயு அறை கட்டினார்கள். வலியில்லாத சாவு என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதாவது, எஜமானர் எவ்வளவு சீக்கிரம் தேடி வருகிறாரோ, அதில்தான் நாயின் உயிர்.  1906-ல் வந்த நாய்கள் சட்டம் அந்தக் கெடுவை ஏழு நாளாக்கியது. பிடித்த நாய்களுக்குப் போலீஸ் பதிவேடு வைக்க வேண்டும், யாரும் வந்து பார்க்கலாம். முக்கியமாக, அவற்றை உயிரோடு அறுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது.

அந்தக் கடைசி வரியின் அருமை அமெரிக்காவில் தெரிந்தது. 1965-ம் வருஷம். பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீட்டிலிருந்து பெப்பர் என்கிற டால்மேஷியன் காணாமல் போனது. வியாபாரி ஒருவரின் லாரியில் அளவுக்கு மீறி அடைத்து வந்த நாய்களைப் பற்றிப் பத்திரிகையில் போட்டோ வர, அதில் நம்ம பெப்பர் என்று அடையாளம் கண்டது குடும்பம். தேடிக்கொண்டு நியூயார்க் மாநிலத்து நாய்ப் பண்ணை வரைக்கும் போனார்கள். உள்ளே விடவில்லை. ஜோசப் ரெஸ்னிக் என்ற காங்கிரஸ் உறுப்பினர் பேசியும் நடக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. பெப்பர் ஒரு மருத்துவமனை ஆராய்ச்சிக் கூடத்துக்கு விற்கப்பட்டு, சோதனையில் செத்தும் போயிருந்தது.

ரெஸ்னிக் மசோதா கொண்டுவந்தார். 1966, பிப்ரவரியில் 'லைஃப்' பத்திரிகை நாய் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படம்பிடித்துப் போட்டது. நாடே கொதித்தது. கடிதங்கள் மலையாகக் குவிந்தன. ஆகஸ்ட் 24-ம் தேதி ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட, ஆராய்ச்சிக்கூட விலங்குகளுக்கான சட்டம் பிறந்தது. ஆராய்ச்சிக்கு நாய், பூனை விற்பவர்களுக்கு லைசென்ஸ், கணக்குப் புத்தகம், சோதனை எல்லாம் அதற்கப்புறம்தான். காணாமல் போன ஒரே ஒரு நாயைத் தேடிப்போனதில் கிடைத்த சட்டம்.

டெய்லரின் வாரிசுகள் இன்னும் ஒழியவில்லை. ஊரடங்குக் காலத்தில் நாய்க்குட்டி விலை எகிறியதும் இங்கிலாந்தில் நாய்த் திருட்டு மறுபடி பெரிய பேச்சாகிவிட்டது. 2024-ல் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். நாயையோ பூனையையோ கடத்தினால் ஐந்து வருஷம் வரை சிறை. வெறும் சொத்தை எடுத்ததாகப் பார்க்காமல், ஓர் உயிரைக் கடத்தியதாகப் பார்க்கிறது சட்டம். பூனைக்குச் சட்டத்தில் இந்த அந்தஸ்து கிடைக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கழுத்துப்பட்டையை அவிழ்த்து எறிந்துவிடலாம் என்பதால் இப்போது மைக்ரோசிப். அரிசி மணி அளவுதான். தோலுக்கடியில் ஊசியால் போட்டுவிடுவார்கள். இங்கிலாந்தில் 2016 முதல் நாய்களுக்கும், 2024 முதல் பூனைகளுக்கும் கட்டாயம். நம் ஊரிலும் கால்நடை டாக்டர்கள் போடுகிறார்கள். இதில் பலருக்கு ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. நாய் எங்கே சுற்றுகிறது என்று சிப் செல்போனில் காட்டிக்கொடுக்காது. அதற்குள் இருப்பது வெறும் ஒரு நம்பர். யாராவது நாயைப் பிடித்து, ஸ்கேனரை வைத்துப் பார்த்தால் அந்த நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு எதிரே பதிவேட்டில் உங்கள் போன் நம்பர் இருக்க வேண்டும். வீடு மாறினாலோ சிம் மாற்றினாலோ அங்கேயும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.